சகலையின் பழைய டிஸ்க்

பூதத்தின் கண்கள் மூடியிருந்தன. ஜெகதீசனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். புது வீடு கட்டுகிறவர்கள் முகப்பில் மாட்டுவார்களே, சிவப்பு முகமும் முறுக்கு மீசையும் தொங்கும் நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மை, அதன் படம்தான் சகலையின் லேப்டாப்பைத் திறந்ததும் திரை முழுக்க வந்து நின்றது. மீசை இருந்தது, கோரைப்பல் இருந்தது. ஆனால் ஊரார் கண்ணை முறைத்து விரட்டுவதற்கென்றே செய்த பொம்மை, விருந்து சாப்பிட்டுச் சாய்ந்த ஆளைப்போல இமையை மூடிக்கொண்டிருந்தது.

"இன்னா சகலை, உன் பூதம் தூங்கிகினு கீது?"

கோதண்டராமன் சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்று தலையிலிருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "நான் போட்டோ எடுக்கசொல்ல முழிச்சிகினுதான் இருந்திச்சி. நாளாவ நாளாவ மூடிக்கிச்சி. வாங்கி வாங்கி ரொம்பிப் போச்சின்னு எங்கம்மா சொல்லுது."

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் அவன் கட்டிய வீட்டுக்கும், மாடியில் சுற்றுலாக்காரர்களுக்கு விடும் அறைகளுக்கும் வராத கண் இல்லை. முகப்பில் மாட்டிய பொம்மைகள் காற்றே இல்லாத நாளில்கூடத் தாமாக விழுந்து உடைந்தன. கடைசிப் பொம்மையை உடைவதற்கு முன்பே படம் எடுத்து லேப்டாப்பில் வைத்து, வருகிறவர் போகிறவர் பார்வையெல்லாம் முதலில் அதன்மேல் படுகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டான். அன்றிலிருந்து வீட்டில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப் மட்டும் ஆமையாகிவிட்டது.

"டிஸ்க் பழசு, அதான். எஸ்.எஸ்.டி. மாத்தினா பறக்கும்," என்றான் ஜெகதீசன்.

"மாத்திடு. ஆனா அந்தப் படம் மட்டும் புதுசுக்கு வரக் கூடாது. பழைய டிஸ்க்க என் கையில குடுத்துடு. திருஷ்டிப் பூசணிக்கா மாரி அத்தக் கடல்ல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். அதுலேர்ந்து நீ ஒண்ணும் எடுத்து வெச்சிக்காத, சகலை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உன் நல்லதுக்குத்தான். அந்த வார்த்தைதான் ஜெகதீசனைச் சுட்டது.

சகலை என்கிற உறவைக் கண்டுபிடித்தவன் பெரிய குசும்புக்காரனாக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்கத் தராசில் நிறுத்தி வைக்கிறது அது. தங்கை பிரபாவைக் கட்டிய ஜெகதீசன்தான் ஒரு காலத்தில் மதுராந்தகத்து மாமனார் வீட்டின் பெருமை. இன்ஜினியர் மாப்பிள்ளை, சிறுசேரியில் கம்பெனி உத்தியோகம். அக்கா சுஜாதாவைக் கட்டிய கோதண்டராமனோ பன்னிரண்டாவதில் கோட் அடித்துவிட்டு முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மாமியார் ஏரி மீன் குழம்பு வைத்தால் தலைத் துண்டு ஜெகதீசன் தட்டில் விழும். இப்போது அது கோதண்டராமன் தட்டுக்குப் போகிறது, ஜெகதீசன் வால் துண்டில் முள் பொறுக்குகிறான். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்த வாடகை மாடியில் குடியிருந்துகொண்டு, ஷட்டில் வண்டியில் தூங்கி வழிந்தபடி சிறுசேரிக்குப் போய், அடுத்தவர் லேப்டாப்புக்கு டிஸ்க் மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். அவனுக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கென்ன, நன்றாகவே எரிந்தது.

கோதண்டராமனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, பிள்ளை. ஜெகதீசனுக்கு வைஷாலி இருந்தாள். யு.கே.ஜி. போகிறாள், முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த ஒன்றிலும்கூட நிம்மதி இல்லை. "பெரியப்பா!" என்று அவள் ஓடி வந்து கோதண்டராமனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு துணிப் பார்சலை அவள் கையில் வைத்தான். பட்டுப்பாவாடை. வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்காமல், பாதத்தைப் பார்த்துக்கொண்டே தலையைத் தடவினான்.

"இன்னாடா, மூஞ்சப் பாத்துப் பேச மாட்டியா கொழந்தகிட்ட?" என்றான் ஜெகதீசன்.

"புள்ள இல்லாதவன் கண்ணு, சகலை. ஆசையாப் பாத்தாலும் பட்டுடும்," என்று சொல்லிவிட்டு, நாளைக் காலையில் வருவதாகக் கிளம்பிப் போனான்.

அன்று பகல் முழுக்க மழை விடவேயில்லை. ஏரிப் பக்கமிருந்து ஈர மண்ணும் அழுகிய தாமரை இலையும் கலந்த வாடை வந்துகொண்டிருக்க, பிரபா அரிசி களையும் சத்தமும் தூரத்தில் மின்சார ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தமும் கேட்க, ஜெகதீசன் ஜன்னலோரம் உட்கார்ந்து எந்த மென்பொருளைப் போடுவது என்று யோசித்தான். அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்று சாது. இருக்கிற கோப்புகளை மட்டும் எடுத்துப்போகும், வேண்டாததை டிக் எடுத்துவிட்டால் தொடாமல் விட்டுவிடும். இன்னொன்று பிசாசு. பழைய டிஸ்க்கின் ஒவ்வொரு துளியையும், காலி இடத்தையும், என்றோ அழித்ததையும்கூட அப்படியே அச்சாகப் பெயர்த்து வைக்கும். சகலையின் வேலைக்குச் சாதுவே போதும். பூதத்தின் படத்துக்கு டிக்கை எடுத்துவிட்டு ஓடவிட்டான், மாலை விளக்கு வைப்பதற்குள் புது டிஸ்க் தயாராகிவிட்டது. பழையதை ஒரு கவரில் போட்டு ஒட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எப்படி? பன்னிரண்டாவது தேறாதவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு வந்தது? எந்த ஏஜெண்டைப் பிடித்தான், யாருக்கு என்ன எழுதினான், எதை எழுதிவிட்டு அழித்தான்? அழித்ததில்தான் ஆளின் சூட்சுமம் இருக்கும் என்று ஜெகதீசனுக்குத் தோன்றியது. தோன்றியதுமே கை பரபரத்தது. ஆபீசில் கழித்துப் போட்ட பெரிய டிஸ்க் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை மாட்டினான். பிசாசைத் தேர்ந்தெடுத்தான்.

பழைய டிஸ்க் ஒரே சீராக முனகிக்கொண்டு ஓடியது. பிறகு ஓரிடத்தில் நின்றது. உள்ளே ஏதோ சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் மௌனம், மறுபடி சொடக்கு. இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, விட்டுவிட்டு மேலே போகட்டுமா, மறுபடி முயலட்டுமா என்று திரை கேட்டது. விட்டிருக்கலாம், யாரும் விட்டிருப்பார்கள். ஆனால் சகலையிடம் இருப்பதில் ஒரு துணுக்குகூடத் தனக்கு வராமல் போவதை அவனால் பொறுக்க முடியவில்லை. மறுபடி என்று அழுத்தினான். நின்றது. மறுபடி. நின்றது. மறுபடி. அப்போது பின்னங்கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தான். வாசல் திரை அசையாமல் தொங்கியது, யாருமில்லை. டிஸ்க் மட்டும் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு மளமளவென்று ஓடத் தொடங்கியது.

முடிந்ததும் பிரதியைத் தன் லேப்டாப்பில் திறந்தான். பூதம் வந்தது. இமைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது.

மறுநாள் காலை கோதண்டராமன் வந்து லேப்டாப்பையும் பழைய டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டான். கவரை விரல் நுனியால்தான் பிடித்தான். "நீ ஒண்ணும் எடுக்கலியே?" என்றான்.

"உன் குப்ப எனக்கு எதுக்குடா?"

சாயங்காலம் சுஜாதா பிரபாவுக்குப் போன் செய்தாள். கடலில் போட்டாகிவிட்டதாம், அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போல இருக்கிறதாம், எத்தனையோ மாதம் கழித்து மத்தியானம் அசந்து தூங்கினாராம்.

அந்த வாரம் ஜெகதீசன் ஷட்டிலிலிருந்து இறங்கி வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பிரதியின் முன்னால்தான் உட்கார்ந்தான். சூட்சுமம் எதுவும் அகப்படவில்லை. வீடு கட்டிய படங்கள்தான் இருந்தன. கம்பி கட்டும் படம், தளம் போட்ட படம், கிருகப்பிரவேசத்தில் மாம்பழ நிறப் பட்டில் சுஜாதா சிரிக்கும் படம். பார்க்கப் பார்க்க வயிற்றில் மிளகாய் அரைத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குள் மட்டும் என்னவோ கெட்டுக்கொண்டு வந்தது. பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, ஏரியைப் பார்த்த பக்கம் பச்சையாகவும் அறையைப் பார்த்த பக்கம் கருகியும் நின்றது. காய்ச்சிய பால் தினமும் திரிந்தது. பால்காரரை மாற்றிப் பார்த்தாள் பிரபா, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், பால் திரிந்துகொண்டுதான் இருந்தது. எவர்சில்வர் தம்ளர்கூட ஒன்று விளிம்பிலிருந்து அடிவரை கீறல் விட்டது. சமையலறையில் நிற்கும்போது யாரோ முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றாள் அவள். "வூட்ல நாம மூணு பேரு, ஆனா நாலாவதா ஒரு ஆளு கீற மாரியே கீதுங்க."

அந்த நாலாவது ஆள் ஷட்டிலிலும் ஜெகதீசன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

சனிக்கிழமை மாலை இருட்டிக்கொண்டு வரும்போது அழித்த கோப்புகளைத் தோண்டினான். பெயர் இல்லாத படங்கள் வந்து விழுந்தன. எல்லாமே முகங்கள். லேப்டாப் திரை இருக்கும் உயரத்திலிருந்து எடுத்த முகங்கள். மேஸ்திரி துரை, பக்கத்து மனைக்காரர், மாமனார் அப்பாசாமி, யார் யாரோ. எல்லோரும் கொஞ்சம் முன்னால் குனிந்து, வாய் லேசாகத் திறந்து, எதையோ விழுங்குகிறவர்களாகப் பார்த்தார்கள். அந்த லேப்டாப்பின் காமிராவில் வாங்கிய அன்றே சுஜாதா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டாள், அது இன்றுவரை உரியவில்லை. பிறகு எது இவர்களைப் படம் எடுத்தது?

நகர்த்தினான். ஒரு முகம் மறுபடி வந்தது. மறுபடியும். பாதிக்கு மேல் அந்த ஒரே முகம். பொங்கல் சட்டையில், தீபாவளிச் சட்டையில், கிருகப்பிரவேசத்தன்று சந்தனப் பொட்டோடு. கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, பசியோடு.

அவன்தான்.

இப்படியா பார்க்கிறேன் நான்? இவ்வளவு நாளும் இப்படியா பார்த்தேன்?

கூசிப்போய் எல்லாவற்றையும் மூடினான். திரையில் அவற்றுக்குப் பின்னால் பூதம் இருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை பொம்மைக்குத் தீட்டிய கண்கள் அல்ல. ஈரமாக இருந்தன. வெண்விழியில் சிவப்பு நரம்பு ஓடியது. தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் எதிரே பார்க்கிற அதே கண்கள், அவனுடைய சொந்தக் கண்கள், அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, கொஞ்சம் எழுந்து வாங்க." பிரபா வாசலில் நின்றாள். ஒரு கையில் காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு, முச்சந்தி மண். மறு கையால் வைஷாலியைப் பிடித்திருந்தாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. யார் கண்ணோ நம்ம வூட்டப் புடிச்சிகினு கீது. சுத்திப் போட்டுடறேன்."

அப்பாவையும் பெண்ணையும் கிழக்கே பார்த்து நிற்க வைத்தாள். சுற்றினாள், துப்பச் சொன்னாள், அடுப்பில் பழுக்கக் காய்ந்திருந்த இரும்புச் சட்டியில் எல்லாவற்றையும் கொட்டினாள். மிளகாய் வெடித்தது, உப்பு படபடத்தது, கரும்புகை எழும்பிக் கூரையை முட்டி மூவர் முகத்திலும் இறங்கியது. ஜெகதீசன் இருமலை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு விட்டான். நெடி இல்லை. தும்மல் இல்லை. மிளகாய் கரியாகிக்கொண்டிருந்தது, சமையலறை முழுக்கப் புகை, ஆனால் மழையின் வாடையைத் தவிர ஒரு வாடையும் இல்லை. வைஷாலி புகைக்குள் கையை விட்டு விளையாடினாள்.

பிரபாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நெடியே வரலியே, இவ்ளோ கண்ணு பட்டுகீதா?" என்றாள். அப்படியே சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். "முச்சந்தில கொட்டிட்டு வரேன். கொழந்தயப் பாத்துக்குங்க. நான் திரும்பிப் பாக்கக் கூடாது, பின்னாடி கூப்பிடாதீங்க."

படி இறங்கும் சத்தம் கேட்டது. வைஷாலி உள்ளறைக்கு ஓடினாள். ஜெகதீசன் பிரதியைப் பிடுங்கி எறிவதற்காக மேசைக்கு வந்தான். திரையைப் பார்த்தான்.

பூதத்துக்குக் கண் இல்லை. இரண்டு வெறும் வெள்ளைக் குழிகள்.

மீசை இருந்தது. நாக்கு இருந்தது. கண் மட்டும் கிளம்பிப் போயிருந்தது.

எங்கே? அறையைச் சுற்றிப் பார்த்தான். சாமி படத்தில் பிரபா அப்போதுதான் போட்ட மல்லிகைச் சரம். பார்வை பட்ட இடத்தில் ஒரு பூ பழுப்பானது. அடுத்தது. அடுத்தது. சரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவன் பார்வை போன வழியே பூக்கள் கருகின. கண்ணை எடுத்தான். மேசைமேல் வைஷாலியின் பால் தம்ளர். வெள்ளையாக இருந்த பால் அவன் பார்க்கையிலேயே எலுமிச்சை பிழிந்தாற்போலக் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

ஓ.

இங்கேதான் வந்திருக்கிறது. எனக்குள்.

ஜன்னலுக்கு ஓடினான். தெருவிளக்கின் கீழே மழையில் பிரபா போய்க்கொண்டிருந்தாள், சட்டியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி.

"பிரபா! திரும்பி வா! கொழந்தயத் தூக்கிகினு போயிடு!"

அவள் திரும்பவில்லை. கேட்டிருக்கும். கேட்டதனால்தான் நடையை எட்டிப் போட்டாள். பின்னாலிருந்து புருஷன் குரலில் எது கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்று தெரிந்து வளர்ந்தவள். அவள் கொண்டையிலிருந்த பூச்சரம் பழுப்பாகிக்கொண்டு வந்தது. ஜெகதீசன் அலறிக்கொண்டு பார்வையைத் திருப்பினான்.

"அப்பா!"

திரும்பாதே. சுவரைப் பார். சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. தரையைப் பார்.

"அப்பா, இங்க பாரேன்!"

"வராத கண்ணு! உள்ள போ! கதவச் சாத்திக்க!"

கொலுசுச் சத்தம் கிட்டே வந்தது. முதலில் பாதம் தெரிந்தது. பாதத்தைப் பார், பாதத்தை மட்டும் பார், சகலை அப்படித்தானே செய்தான், இத்தனை வருடமும் அவன் அப்படித்தானே என் பிள்ளையைக் காப்பாற்றினான். சின்னப் பாதம், அதன்மேல் ஜரிகைக் கரை, அரக்குப் பட்டு.

"பெரியப்பா வாங்கிக் குடுத்தாரே, அதுதான் போட்டுகினேன். பெரியப்பாக்குக் காட்டணும்ப்பா. இது யாருகிட்டயும் இல்ல தெரியுமா?"

பெரியப்பா. அந்த நிலைமையிலும், உயிர் போகிற அந்த நொடியிலும், ஜெகதீசனின் வயிற்றில் பழைய நெருப்பு ஒரு நாக்கு நீட்டியது. என் பிள்ளை. எனக்கல்லவா முதலில் காட்ட வேண்டும்.

நிமிர்ந்துவிட்டான்.

எவ்வளவு அழகாக இருந்தாள். பல்லில்லாத சிரிப்பு. கன்னத்தில் தானே வைத்துக்கொண்ட கோணல் மை. கண்ணை இறுக மூடினான். தெரிந்தாள். உள்ளங்கையால் பொத்தினான். தெரிந்தாள், இமை வழியாகவும் விரல் எலும்பு வழியாகவும் இன்னும் துல்லியமாக.

"சுத்துறேன் பாருப்பா, குடை மாரி வரும்!"

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வைஷாலி சுற்றினாள். பட்டுப்பாவாடை குடையாக விரிந்தது. ஒரு சுற்றில் முகம் வந்தது, சிரித்தது. அடுத்த சுற்றில் வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அடுத்த சுற்றில் கன்னத்து மை உருகித் தாடையில் வழிந்தது, கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்தது. நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தான். நெஞ்சு முழுக்க முட்டிக்கொண்டு வந்தது வேறு.

"அழகா கீறடா தங்கம்," என்றான்.

அதைக் கேட்டதும் வைஷாலி இன்னும் வேகமாகச் சுற்றினாள். கொலுசுச் சத்தம் நின்றுபோயிருந்தது. சிரிப்புச் சத்தமும் நின்றுபோயிருந்தது. பாவாடை மட்டும் சரசரத்தது. ஒவ்வொரு சுற்றிலும் முகம் அப்பாவின் பக்கம் வந்து வந்து போனது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் ஒடுங்கி. அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.